கடைசி வரி வரைக்கும்

குளியலறைக் கதவுக்கு வெளியே கண்ணாடிக்காரி நின்றுகொண்டிருந்தாள். ஒரு தோளில் மகளின் பள்ளிப் பை, கையில் ஆறிப்போன பால். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வாந்தி எடுக்கிறாளா, வாந்தி எடுப்பதுபோல நேரம் கடத்துகிறாளா என்பது கதவில் காதை வைத்துக் கேட்டாலும் பிடிபடவில்லை.

"வயிறு எங்க வலிக்குது? மேலயா, கீழயா?"

"நடுவுல."

"நேத்து மேலன்னு சொன்ன. ரெண்டுல எது சரி?"

குழாய் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். தினமும் அப்படித்தான். கண்ணாடிக்காரி பாலைக் கீழே வைத்துவிட்டு வாசற்கதவுக்கு வந்து, அதிலிருக்கும் சின்ன லென்ஸில் கண்ணை வைத்தாள். அந்த மாடியில் எல்லாக் கதவிலும் அப்படி ஒரு லென்ஸ் உண்டு. ஆனால் வேலை செய்கிற கடையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மருந்து கொண்டுவந்து துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பது அவள் மட்டும்தான். அதன் வழியாகப் பார்த்தால் எதிர்வீடு வளைந்து, வயிறு தள்ளிக்கொண்டு, எப்போதும் சிரிப்பதுபோலத் தெரியும். அவளுக்கு அதுதான் ஆகாது.

எதிர்வீட்டுப் பெண் வாலு வெளியே வந்தது. ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ கையில், வாயில் ரொட்டி. உள்ளிருந்து அதன் அம்மாவின் குரல்: "போர்வைய மடிச்சியாடி?"

"மடிக்கலம்மா!"

"நானும்தான் மடிக்கல, போ!"

இரண்டும் சிரித்தன. வாலு கைப்பிடிச் சுவரில் சறுக்கிக்கொண்டே இறங்கியது. போகிற இடம் என்னவோ பொருட்காட்சி என்பதுபோல அப்படி ஒரு வேகம். பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. கணக்கில் பாதி மார்க் வாங்கினாலே அந்த வீட்டில் ஐஸ்கிரீம் என்று பேச்சு. இங்கே மகளுக்கு வயிற்றுவலி, அங்கே நடப்பதைப் பார்த்து அம்மாவுக்கு வயிற்றெரிச்சல்.

கண்ணாடிக்காரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைத்தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடையில் கண் சோதித்து, பவர் பார்த்து, ஃபிரேம் மாட்டிவிடுகிறவள். பதினொரு வயதிலிருந்து சோடாபாட்டில் அடிபோலக் கண்ணாடி போட்டவள். பள்ளியில் அவளுக்கு இருந்த பட்டப்பெயர்களை இப்போது சொன்னாலும் முகம் சுண்டிப்போகும். வேலையில் குறை சொல்ல முடியாது. கடையில் அவள் குரலே வேறு. உயரமான நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, மூக்கில் கனமான சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா? அவசரமே இல்ல. இதுல தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது" என்பாள். அதைக் கேட்பதற்காகவே கண் நன்றாகத் தெரிகிற சில பெரியவர்கள்கூட வருகிறார்கள் என்று கடை முதலாளி கிண்டல் செய்வார். அந்தக் குரலை அவள் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

வீட்டில் மகள் வாயைத் திறந்தால் "சரி" அல்லது "தப்பு". பூனை வரைந்தால், "வால் இந்தப் பக்கம் வராது." மேகமாக இருக்கிறது என்றால், "மேகம் இல்ல, புகை." அடித்தது கிடையாது. கை ஓங்கியதுகூடக் கிடையாது. ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்து, கொட்டை எடுத்து, தோலும் எடுத்துத் தருகிற அம்மா. மகளின் ஷூவில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படிப் பளபளப்பு. எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கிவந்த அந்தப் பெண்ணுக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் சென்டம். பாராட்டி வைத்ததா, பழித்து வைத்ததா என்று விசாரிக்க அவள் அம்மாவுக்குத் தோன்றவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

அப்பா ஏசி மெக்கானிக். ஊரில் எல்லார் வீட்டையும் குளிரவைத்துவிட்டு வரும் அந்த மனிதருக்குத் தன் வீட்டுச் சூட்டைத் தணிக்க மட்டும் கருவி எதுவும் கிடைக்கவில்லை. "ஒரு நாள் லீவு போடட்டுமே" என்று செல்போனுக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் செல்போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

சென்டம் குளியலறையிலிருந்து வந்தது. முகம் கழுவியிருந்தது. பத்து வயதுக்கு அந்த முகத்தில் களைப்பு அதிகம். பாலை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தது. குடித்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. எதைச் செய்தாலும் பார்க்கும். சரியா, தப்பா என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

எதிர்வீட்டுக்காரி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஊருக்குப் பஸ்காரி. அவள் வீட்டுக்காரர் எங்கே என்று இந்த மாடியில் எல்லாருக்கும் ஒவ்வொரு கதை தெரியும். அவளிடம் கேட்டவர் யாரும் இல்லை. வாரத்தில் பாதி நாள் காலை ஷிப்ட், பாதி நாள் மாலை ஷிப்ட். துணி மடித்திருக்காது, பாத்திரம் கழுவியிருக்காது, சோபாவில் உட்கார இடம் இருக்காது. சத்தம் மட்டும் குறையாது. கண்ணாடிக்காரிக்கு இவையெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னலும் நடுவில் இருக்கும் ஒரே காற்றுச் சந்துப் பக்கமாகத் திறக்கின்றன. அவள் பாத்திரம் கழுவுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதற்குப் பாத்திரம் காரணம் இல்லை.

சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பஸ்காரி டீயை உறிஞ்சிக்கொண்டே அன்றைக்குத் தான் செய்த கூத்தைச் சொல்லுவாள். "இன்னைக்கு மார்க்கெட் ஸ்டாப்ப தாண்டிப் போயிட்டேன்டி. பின்னாடி ஒரு பெரியவர், 'ஏம்மா, வண்டிய உங்க வீட்டுக்கே ஓட்டிட்டுப் போறியா'ன்னு கத்தறாரு. நான் வேற, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, 'வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்'னுட்டேன். பஸ்ஸே சிரிச்சுது, அவரைத் தவிர." பிறகு வாலு தன் பங்குக்குச் சொல்லும். தமிழ்ப் பாடத்தில் தூங்கியது, ஆசிரியரை வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டது. செய்தது எவ்வளவு அசட்டுத்தனமோ அவ்வளவு கைதட்டல். நல்ல பெயர் வாங்கியதைப் பற்றி அங்கே யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்கூடக் கண்ணாடிக்காரி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது மூன்றாவது சிரிப்பு. அது சென்டத்துடையது. வயிற்றுவலியெல்லாம் வருவதற்கு முன்பு, பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் விளையாட எதிர்வீட்டுக்குப் போக அனுமதி இருந்தது. ஜன்னல் வழியாக வந்த அந்தச் சிரிப்பு முதலில் யாருடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றிலிருந்து வருகிற, மூச்சுத் திணறுகிற, நடுவில் பன்றிக்குட்டிபோல உறுமுகிற சிரிப்பு. தன் வீட்டில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதேயில்லை. கையிலிருந்த கரண்டியைக் கழுவி முடித்து, மறுபடியும் கழுவினாள். மற்ற எல்லாப் பெண்களையும் "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிற மகள், அவளை மட்டும் "பஸ் அத்தை" என்று கூப்பிட்டது. அத்தையாம். எந்த வழியில் அத்தை? என் பிள்ளைக்கு ஆரஞ்சில் நார் எடுப்பது நான், சிரிப்பு போய்ச் சேருவது அங்கே.

ஆசிரியை கூப்பிட்டு அனுப்பியது அந்தச் சமயத்தில்தான். "படிப்புல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா பக்கத்துல இருக்கற பொண்ணோட ஓயாம முணுமுணுன்னு பேச்சு. அதுவும் நான் போர்டுல எழுதறப்போதான் ரெண்டும் காதைக் கடிக்குது" என்றார் ஆசிரியை. பக்கத்தில் இருக்கிற பெண் வாலு. கண்ணாடிக்காரிக்குத் தேடிப்போன மருந்து காலில் தடுக்கியது போல ஆயிற்று.

"அந்தப் பொண்ணுதான் டீச்சர் பேச்சு குடுக்கும். அவங்க வீட்லயே அப்படித்தான், சத்தம். ரெண்டு பேரையும் பிரிச்சு உக்கார வெச்சிடுங்க. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்."

வாலு குட்டையாக இருந்ததால் முதல் வரிசைக்குப் போனது. வளர்த்தியான சென்டம் கடைசி வரிசையிலேயே இருந்தது. வீட்டிலும் அன்றைக்கே சட்டம் வந்தது: எதிர்வீட்டுக்குப் போகவேண்டாம், அந்த அம்மாவோடு பேசவும் வேண்டாம். சென்டம் "சரி" என்றது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் கீழ்ப்படிதல் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள்.

வயிற்றுவலி அடுத்த வாரமே தொடங்கியது. பிறகு மார்க் சரிந்தது. நூறு எண்பதாயிற்று, கணக்கில் எழுபதும் வந்தது. வகுப்பில் கையே தூக்குவதில்லை, கூப்பிட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறது, வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று ஆசிரியை கேட்டபோது கண்ணாடிக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிரச்னை எந்த வீட்டில் என்று இவருக்குத் தெரியாதா? டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "வயித்துல ஒண்ணுமில்லம்மா. ஸ்கூல்ல ஏதாவது..." என்று இழுத்தார். அவர் இழுத்த நுனியை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. வாலுவோடு பழகிய சகவாசம் உடம்பிலிருந்து இறங்க நாளாகும் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் சென்டம் கடைக்கு வந்துவிடும். ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போடும். குழந்தையாக இருந்ததிலிருந்து அந்தக் கடைதான் அதற்கு இரண்டாவது வீடு. ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அங்கே ஒரு சடங்குபோல நடக்கும். அம்மா உள்ளறையில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டிக்குள் ஒளிரும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லுவாள். பிள்ளை மேலிருந்து கீழே, கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்து வரைக்கும், மளமளவென்று படிக்கும். "கடைசி வரி வரைக்கும்!" என்று அம்மா முன்கடைக்குக் கேட்கும்படிக் கூவுவாள். "என் கண்ணு என் பொண்ணுக்கு வரல!" முதலாளி கைதட்டி மிட்டாய் தருவார். நிற்கிற வாடிக்கையாளர்களும் தட்டுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அம்மாவின் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அட்டைக்குப் பின்னாலிருந்த பல்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தச் சனிக்கிழமை மாலை, கடை ஓய்ந்திருந்த நேரத்தில் பஸ்காரி உள்ளே வந்தாள். ஷிப்டுக்குப் போகிற நீலச் சட்டை. கையில் ஒரு காது கழன்ற கூலிங்கிளாஸ். பின்னால் வாலு.

"அக்கா, இதுல ஒரு ஸ்க்ரூ போட்டுத் தாங்க. இதப் போட்டாத்தான் எனக்கு டிரைவர்னு ஒரு மதிப்பு வருது."

கண்ணாடிக்காரி முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். பஸ்காரியின் பார்வை ஓரத்து ஸ்டூலுக்குப் போயிற்று. சென்டம் தலையைக் குனிந்து கணக்கில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது.

"என்ன சென்டம், அத்தை மேல அப்படி என்ன கோவம்?" குரலில் விளையாட்டு இருந்தாலும் அடியில் வேறு ஏதோ இருந்தது. "நேத்து ஸ்டாப்புல நீ நின்னுட்டிருந்தே. நான் எதிர்ப்பக்கம் வண்டிய நிறுத்தி ஹாரன் அடிச்சேன், கையாட்டினேன், பேசஞ்சருங்க எல்லாம் திட்டற அளவுக்கு ஆட்டினேன். நீ என்னையே பாத்துட்டு நிக்கற, யாரோ எவரோ மாதிரி. எனக்கு ராத்திரி சோறே இறங்கலடி."

உண்மையைச் சொல்லவேண்டும். கண்ணாடிக்காரிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. இத்தனை வாரமாக எரிந்ததற்கு ஒரு குடம் தண்ணீர். என் பிள்ளை என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்றிருக்கிறாள். திருப்புளியை ஸ்க்ரூவில் வைத்துத் திருகியபடி, "புள்ளைங்கன்னா அப்படித்தான். யாரு வேணும், யாரு வேணாம்னு அதுங்களுக்கே தெரியும்" என்றாள்.

"நீங்க எப்ப கையாட்டினீங்க அத்தை?" என்று சென்டம் கேட்டது.

எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்குத் தெரியாதும்மா," என்றது வாலு. "அவளுக்கு அவ்ளோ தூரம் கண்ணு..." சென்டம் முறைத்த முறைப்பில் மீதி வாய்க்குள்ளேயே நின்றது.

"கண்ணு என்ன?" கண்ணாடிக்காரி திருப்புளியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்ன? யாரோட கண்ணு?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

"இந்தக் கடையில நின்னுக்கிட்டு, என் பொண்ணு கண்ணப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா அம்மாவும் பொண்ணும்? வாங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க. நீயும் வாடி, சேர்ல உக்காரு."

"அக்கா, சின்னப் புள்ள ஏதோ..." என்று பஸ்காரி தொடங்கினாள்.

"வாங்கன்னு சொன்னேன்ல?"

உள்ளறை நீளமாக, இருட்டாக இருந்தது. சென்டம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. கால் இப்போது மிதிபலகையைத் தொட்டது. வாலுவும் பஸ்காரியும் சுவரோரம் நின்றார்கள். கண்ணாடிக்காரி சுவிட்சைத் தட்டினாள். தூரத்தில் விளக்குப் பெட்டி ஒளிர்ந்தது.

"ஆரம்பி."

சென்டம் முதுகை நிமிர்த்தியது. "ஈ," என்றது. பிறகு, பாட்டுப் போட்டியில் பாடுகிற குரலில், எங்கே மூச்சு வாங்கவேண்டுமோ அங்கே வாங்கி, எங்கே கொஞ்சம் யோசிப்பதுபோல நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி, "எஃப், பி... டி, ஓ, இஸட்... எல், பி, ஈ, டி..." என்று இறங்கிக்கொண்டே போனது.

இரண்டாவது வரியிலேயே கண்ணாடிக்காரிக்கு நினைவுக்கு வந்துவிட்டது. பல்பின் சூட்டில் பழுத்து மூலை கருகிப்போன பழைய அட்டையை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிய அட்டையை மாட்டியது வியாழக்கிழமை. மாட்டியதும் அவள்தான். மேலே இருக்கும் பெரிய ஈ மட்டும் இரண்டிலும் ஒன்று. கீழே ஒரு வரிகூடப் பழையதில் இருந்தது போல இல்லை. சுவரில் எங்குமே இல்லாத எழுத்துகளை அவள் மகள் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது எஃப் இல்லையே..." என்று வாலு வாயெடுத்தது. பஸ்காரியின் கை சட்டென்று வந்து அந்த வாயை மூடியது. அவளும் படித்துவிட்டாள்.

சென்டத்தை நிறுத்தவேண்டும் என்று கண்ணாடிக்காரிக்குத் தோன்றியது. அதற்குள் குழந்தை பொடி எழுத்துக்கு வந்துவிட்டது. அங்கே கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, கஷ்டப்பட்டுப் படிக்கிற மாதிரிகூடச் செய்தது. அந்த நடிப்பை அது எத்தனை பிறந்தநாளாகச் செய்துவருகிறதோ. கடைசி எழுத்தைச் சொன்னதும், அந்தப் பாட்டுக் குரலை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதலாளி வழக்கம்போலக் கையைத் தட்டினார். "கடைசி வரி வரைக்குமா? சபாஷ்!"

சென்டம் சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பியது. நூறு வாங்கிய சிரிப்பு. அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சத்தைத் தேடியது. இருட்டில் ஒன்றும் தெரியாமல், இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"சரியாம்மா?"

கண்ணாடிக்காரிக்கு முதலில் வந்தது துக்கமோ பயமோ இல்லை. பஸ்காரியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றுதான் தோன்றியது. அங்கே ஒரு துளி, ஒரே ஒரு துளி ஏளனம் இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் சண்டை போடலாம். பார்த்தாள். பஸ்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகவும் அவள் மேல் எரிச்சல் வந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சென்டம் விளக்குப் பெட்டியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. ஏதோ தவறிவிட்டது என்று மட்டும் அதற்குப் புரிந்தது. எந்த வரியில் என்று தெரியவில்லை. உதடு துடிக்கத் தொடங்கியது.

வாலு அம்மாவின் கையை விலக்கியது. "போன வருஷத்துலேர்ந்தே ஆன்ட்டி. போர்டு அவளுக்கு மங்கலாத் தெரியும். நான்தான் படிச்சுச் சொல்வேன், அவ எழுதிப்பா. கணக்கு அவ போடுவா, நான் பாத்து எழுதிப்பேன். இப்ப என்னைய முன்னாடி மாத்திட்டாங்க, அதான்." சென்டத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லிடலாம்னு நான் சொன்னேன். அவதான், அம்மா கண்ணு எனக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அம்மாவுக்குப் பிடிக்காதுன்னு..." என்றது.

போர்டில் எழுதும்போதுதான் இரண்டும் காதைக் கடிக்கின்றன என்று ஆசிரியை சொன்னது, அவ்வளவு நாள் கழித்து, இப்போது வந்து கண்ணாடிக்காரியின் கன்னத்தில் விழுந்தது.

"உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உக்கார வைக்கச் சொன்னது..." என்று அட்டையைப் பார்த்துச் சொன்னாள். "டீச்சர் இல்ல. நான்தான் சொன்னேன்."

"தெரியும் ஆன்ட்டி," என்றது வாலு. "டீச்சரே சொல்லிட்டாங்க."

பஸ்காரி இருமினாள். சிரிப்பை இருமலாக்குகிற இருமல். அதை மறைக்க என்று நினைத்தோ என்னவோ, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "சென்டம், நான் லைசென்ஸ் எடுக்கப் போன கத தெரியுமா உனக்கு?" என்றாள். "பயத்துல எனக்கு அட்டையே தெரியல. எனக்கு முன்னாடி நின்ன ஆளு என்ன சொன்னாரோ அதையே நானும் சொன்னேன். அந்த ஆபீஸர் என்னையே பாக்கறாரு. 'அம்மா, அவருக்கு நான் இடது பக்கத்து அட்டையக் காட்டினேன், உனக்கு வலது பக்கம்'ங்கறாரு."

சென்டத்தின் மூக்கிலிருந்து ஒரு சின்ன உறுமல் வந்தது. அழுகைக்கு நடுவில், தன்னை மீறி. கண்ணாடிக்காரிக்கு அந்தச் சத்தம் தெரியும். முதல்முறையாக ஜன்னல் நடுவில் இல்லாமல் கேட்டாள். வந்தது, ஆனால் தான் வரவழைக்கவில்லை.

அவள் லென்ஸ் பெட்டியைத் திறந்தாள். கை அதன் வேலையைச் செய்தது. சோதனை ஃபிரேமை எடுத்து மகளின் மூக்கில் வைத்து, காதோரம் முடியை ஒதுக்கி மாட்டினாள். கனத்தில் அது சறுக்கியது. ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள்.

"இது தெளிவா, இதுவா?"

சென்டம் அட்டையைப் பார்க்கவில்லை. வட்ட வட்டக் கண்ணாடியோடு தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"எதும்மா சரி?"

"இதுல தப்பான பதில்னு ஒண்ணும்..." என்று தொடங்கினாள். ஒரு நாளில் எத்தனையோ பேரிடம் சொல்கிற வாக்கியம். பாதியில் நின்றுவிட்டது. மகள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்புவதற்கு அது என்ன கண்டிருக்கிறது?

அவள் நகர்ந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மகள் திரும்பினாலும் எட்டாத இடம். அங்கிருந்து கையை மட்டும் நீட்டி லென்ஸை மாற்றினாள்.

"இதுவா... இதுவா?"

முன்கடையில் முதலாளி யாருக்கோ ஃபிரேம் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா," என்றது சென்டம்.

"சரி" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கண்ணாடிக்காரி விழுங்கினாள். அடுத்த லென்ஸைப் போட்டாள்.

"ஐயோ," என்றது சென்டம், மெதுவாக. "அது எஃப்பே இல்ல."

கொஞ்ச நேரத்தில் பஸ்காரிக்கு ஷிப்டுக்கு நேரமாயிற்று. கூலிங்கிளாஸை வாங்கிக்கொண்டு, வாலுவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "வர்றேன் அக்கா" என்றாள். கண்ணாடிக்காரி தலையை ஆட்டினாள். "நன்றி" என்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஸ்க்ரூவுக்குக் காசு வாங்காமல் விட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

புது பவர் போட்டால் கொஞ்சம் நடந்து பார்க்கச் சொல்வது கடை வழக்கம். சென்டத்தைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். கனமான அந்த வட்ட ஃபிரேமோடு பிள்ளை படியில் நின்றது. தெருவில் மாலை வெயில் இருந்தது. ஃபிரேம் சறுக்காமலிருக்க அம்மா பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். அதனால் மகளின் முகத்தில் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை.

மகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தலையைத் திருப்பியது. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் பஸ்காரி நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

சென்டம் துள்ளியது. "பஸ் அத்தை!" தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். "உங்க சட்டையில ஒரு பட்டன் இல்ல!"

எதிர்ப்பக்கம் பஸ்காரி குனிந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாலு தரையில் உட்கார்ந்து சிரித்தது. விரலுக்குக் கீழே மகளின் தலை குலுங்குவதைக் கண்ணாடிக்காரி உணர்ந்தாள். மகள் முதல் முதலாகத் தெளிவாகப் பார்த்ததும் பஸ்காரியைத்தான். அந்த இழவெடுத்த பட்டனைத்தான். கண்ணைச் சோதித்தது யார், லென்ஸைப் போட்டது யார். இல்லாத பட்டன் மேல்கூட ஒருத்திக்குப் பொறாமை வரும் என்பதை அன்றைக்கு அவள் கண்டுகொண்டாள்.

"அம்மா, அங்க ஒரு பலகை இருக்கு. பச்சை. அதுல..." சென்டம் எழுத்துக் கூட்டியது. ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னது. உடனே தோள் இறுகியது. தலை பின்னால் திரும்பப் பார்த்தது.

கண்ணாடிக்காரி தன் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்து, வேலைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். தெரு அப்படியே கரைந்தது. பலகை பச்சையாக ஒரு கறையானது. வண்டிகள் நிறம் நிறமாக வழிந்து போயின. பதினொரு வயதில் பார்த்த தெரு இது. அதற்கப்புறம் இவ்வளவு நேரம் அவள் இதைப் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி," என்றாள். "நீ பாத்துச் சொல்லு. இன்னும் என்னல்லாம் இருக்கு?"

சென்டம் திரும்பி, கண்ணாடி இல்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தெருவின் பக்கம் திரும்பி, ஒன்றொன்றாகச் சொல்லத் தொடங்கியது. கம்பியில் ஒரு காக்கா. மாடியில் ஒரு சட்டை காயுது, சிவப்பு. ஒரு தாத்தா தும்மப் போறாரு. இல்ல, தும்மல.

எதிர்ப்பக்கம் ஒரு நீலப் புள்ளி மட்டும் கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஏதோ உயர்ந்து அசைந்தது. மகளுக்கு ஆட்டுகிறாளா, தனக்கா, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறாளா என்று பிடிபடவில்லை. ஃபிரேமைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், இன்னொரு கையைப் பாதி தூரம் தூக்கி, அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.